மாடு என்று சொன்னேன்

மஹ்றூப் நானாவைப் பற்றி எழுதும்படி என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லி நழுவியிருப்பேன். சாட்டுச் சொல்வதில் நான் படு கெட்டிக்காரன். அவருடைய ஊர்க்காரர் யாராவது எழுதினால் இதைவிட வடிவாக இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் விழுந்த இடத்துக்கு முதலில் போனவன் நான். அந்தக் கதையை முழுதாகச் சொல்லக்கூடியவனும் நான்தான்.

தண்ணீரூற்று என்ற ஊர்க்காரர் அவர். தகப்பன் மாட்டு வண்டிலில் உப்பும் கருவாடும் ஏற்றித் திரிந்தவராம். மகன் இருபது வயதில் துணிப் பொட்டணியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கி, முப்பதில் ஒரு பழைய றலி சைக்கிள் வாங்கினார். பின்னால் கரியரில் பொட்டணி, பாரோடு சேர்த்துக் கட்டிய, துணி அளக்கிற யார்க்கோல், ஹாண்டிலில் ஒரு பை. பையில் அவருடைய மனைவி ஸுஹறா வீட்டில் தைத்துக் கொடுத்த பிள்ளைகளின் சட்டைகள் இருக்கும். எங்கள் குடியேற்றத்தில் நாற்பது வீடு. எந்த வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை யார் துணி வேண்டும், எவர் பச்சை உடுக்கமாட்டார், எந்தப் பிள்ளை போன வருஷத்துச் சட்டைக்குள் இனி நுழையாது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். அளந்து முடித்தபின் இரண்டு விரல்கடை கூட விட்டுத்தான் கத்தரிக்கோலை வைப்பார். என் மனைவி சிவனேஸ்வரிக்கு அந்த இரண்டு விரல்கடையில் அப்படியொரு சந்தோஷம்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மணி அடிக்கும். இரண்டு பிரேக்கும் பிடிக்கும். டைனமோ லைட் எரியும். எங்கள் குடியேற்றத்திலும் பதினொரு சைக்கிள் இருந்தது. இந்த மூன்றும் ஒழுங்காக உள்ள சைக்கிள் ஒன்றுகூட இல்லை. நாங்களெல்லாம் செருப்பைப் பின் ரயரில் தேய்த்து நிற்பாட்டுகிற வம்சம். அவரோ சந்தி வந்தால் இறங்கி நின்று, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, பிறகுதான் உருட்டிக்கொண்டு கடப்பார். அரை மணிக்கு ஒரு வாகனம் வருகிற றோட்டில் இந்தக் கூத்து! நாங்கள் விடுவோமா?

“நானா, சைக்கிளுக்கு நாவூறு கழிச்சனீங்களோ?” என்று நான் கேட்பேன்.

“கழிச்சிட்டுத்தான் வாறன் தம்பி.”

“ஒரு வாகனத்தையும் காணேல்ல, ஆருக்குப் பயந்து இறங்கி நிக்கிறியள்?”

“வாற அந்த ஒண்டு எனக்கெண்டு வந்தா?” என்பார், சிரித்துக்கொண்டே. நாங்களும் சிரிப்போம். கவனமாக இருப்பது எங்கள் ஊரில் ஒரு பகிடி. பயந்தாங்கொள்ளிக் குணம் என்று வைத்திருந்தோம்.

இனி எங்கள் குணத்தைச் சொல்கிறேன். நாங்கள் வடமராட்சியிலிருந்து ஐம்பத்தாறாம் ஆண்டு வந்து குடியேறிய ஆட்கள். ஒட்டுசுட்டானுக்குக் கிழக்கே காடு வெட்டி, அரசாங்கம் தந்த காணியில் நெல் விதைத்தோம். நெல் விளைந்தது. காயவிட இடம் இல்லை. முற்றமெல்லாம் களிமண், பனி பெய்தால் நெல்லும் மண்ணும் ஒன்றாகும். நெல் வாங்குகிற சங்கத்தில் மனேஜர் நாலு நெல்லை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார். நறுக்கென்று உடையாவிட்டால், “கொண்டு போய்க் காயவிட்டுக் கொண்டுவா” என்று மூட்டையைத் திருப்பிவிடுவார். சீமெந்துக் களம் போட ஒருவரிடமும் வசதி இல்லை. அறுபத்தொன்றில் வாசலோடு தார் றோட்டு வந்தது. கறுப்பாக, சமமாக, மத்தியானத்தில் கால் வைக்க முடியாத சூட்டோடு. எங்களுக்கு அது றோட்டாகவே தெரியவில்லை. இவ்வளவு நீளமான களத்தை அரசாங்கம் சும்மா தந்திருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

பாதி றோட்டில் நெல் பரப்புவோம். வாகனம் ஏறாதபடி ஓரம் முழுக்கத் தேங்காய் அளவு கற்களை வரிசையாக வைப்போம். பின்னேரம் நெல்லைக் குவித்து அள்ளிக்கொண்டு போவோம். கற்களை எடுக்கமாட்டோம். எடுத்தால் நாளைக்கு அந்த இடம் நமக்கில்லை; விடிய எழும்பி வருகிறவன் தன் கல்லை வைத்துவிடுவான். காணிக்கு எல்லைக்கல் போட்டுப் பழகிய கை, தார் றோட்டிலும் எல்லை போட்டது. என் இடம் மதகின் மேற்குப் பக்கத்தில் தொடங்கும். மர நிழல் விழாத அருமையான இடம். அதற்கடுத்தது அப்புத்துரையினுடையது.

மஹ்றூப் நானா தண்ணீரூற்றிலிருந்து, கிழக்கிலிருந்து வருவார். மதகு வந்ததும் இறங்குவார். மதகைத் தாண்டினால் கல் என்பது அவருக்குத் தெரியும். அங்கிருந்து கடைசி வீடு வரை நடைதான். வாய் திறந்து எங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எங்களிடம் வியாபாரத்துக்கு வருகிறவர் எப்படிச் சொல்வார்?

அறுபத்துமூன்று மாசிக் கடைசியில் எனக்கும் அப்புத்துரைக்கும் கொழுவல். அவன் தன் கற்களை என் பக்கம் இரண்டு முழம் தள்ளி வைத்துவிட்டான். நான் பார்த்தேன், கோபத்தில் கண் தெரியவில்லை. சரி, நீ மேற்கிலிருந்து தள்ளிக்கொண்டு வா, நான் கிழக்கில் போகிறேன் என்று, மதகுக்குக் கிழக்குப் பக்கம், அதுவரை ஒருவரும் நெல் போடாத இடத்தில், ஒன்பது கல்லைக் கொண்டுபோய் வைத்தேன். அப்புத்துரை வேலியடியில் நின்று பார்த்தான்.

“என்ன காணும், மதகையும் தாண்டிப் போறீர்?”

“றோட்டென்ன உம்மட கொப்பர் போட்டதோ?” என்றேன். நல்ல பதில் என்று எனக்குள் ஒரு குஷி. அன்று பின்னேரம் நெல்லை அள்ளினேன். ஒன்பது கல்லையும் அப்படியே விட்டுவிட்டு வந்து சாப்பிட்டேன். கால் நீட்டிப் படுத்து நன்றாக நித்திரை கொண்டேன்.

அறுவடைக் காலத்தில் பெண்கள் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன் பிடிக்கவேண்டும் என்று மஹ்றூப் நானா சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வெளிக்கிட்டு வருவார். மறுநாளும் அப்படித்தான் வந்தார். மாசிப் பனி அடர்ந்து பத்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத விடியல். அவருடைய லைட் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் அவர் கண் தேடியது மதகை. கல் மதகுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. ஓடினேன். சைக்கிள் ஒரு பக்கம், பொட்டணி ஒரு பக்கம். அவர் தலை மதகுக் கட்டில் அடிபட்டு, சரிந்து கிடந்தார். காதுப் பக்கம் இரத்தம். கண் திறந்திருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் நாலு வருஷமாக ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் மறைக்காமல் சொல்கிறேன். நான் அவரைத் தூக்கவில்லை. சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடவில்லை. முதலாவது கல்லைக் குனிந்து உருட்டினேன். றோட்டோரப் பள்ளத்துக்குள் விழுந்தது. இரண்டாவதை உருட்டினேன். மூன்றாவதை உருட்டும்போது அவர், “தம்பி” என்றார்.

“வாறன் நானா, இந்தா வாறன்” என்று சொல்லிக்கொண்டே நாலாவது கல்லுக்குப் போனேன்.

ஒன்பதும் முடிந்த பிறகுதான் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “ஐயோ, ஓடியாங்கோ!” என்று கத்தினேன். சனம் வந்தது. அப்புத்துரைதான் முதலில் வந்தான். “என்ன நடந்தது?” என்று கேட்டான். வாயிலிருந்து தானாக வந்தது: “மாடு. மாடு குறுக்கை ஓடினது.” அவன் றோட்டைப் பார்த்தான். கல் இருந்த இடங்கள் பனியில் நனையாமல் ஒன்பது வட்டமாகக் காய்ந்து கிடந்தன. பிறகு என்னைப் பார்த்தான். “ஓம், உந்தக் கட்டாக்காலியள் படுத்திற பாடு” என்றான்.

முதல் பஸ்ஸை மறித்து அவரை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் விடிய மௌத்தாகிவிட்டார் என்று செய்தி வந்தது. அந்த ஐந்து நிமிஷம் பிந்தாமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று நான் ஒரு டாக்குத்தரையும் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

மரண விசாரணை அதிகாரி வந்தார். “மாடு ஆருடையது?” என்றார். “தெரியாதையா. கட்டாக்காலி” என்றேன். அப்புத்துரையும் அதையே சொன்னான். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். ஊர் ஒரு மாதம் மாடுகளை ஒழுங்காகக் கட்டி வைத்தது. றோட்டில் தங்கள் கல்லை ஒருவரும் தொடவில்லை. வீட்டில் சிவனேஸ்வரி மட்டும் நானா விழுந்த அன்றைக்கு மத்தியானம் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.  அன்றிலிருந்து எங்கள் நெல்லை முற்றத்தில் படங்கு விரித்துக் காயவைத்தாள். இரட்டிப்பு வேலை. நான் உதவிக்குப் போனால், “நீங்கள் இருங்கோ” என்பாள்.

பங்குனியில் றோட்டுக் கந்தோரிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். கையில் ஒரு படிவம். சங்கக் கடை வாசலில் எங்களையெல்லாம் கூட்டி வைத்து, “மற்ற நாடுகளில றோட்டை வாகனத்துக்கெண்டு விடுகினம். நீங்கள் களமாக்கி வைச்சிருக்கிறீங்கள். ஏதும் நடந்தால் விதி எண்டுறீங்கள், இல்லாட்டி மாடு எண்டுறீங்கள். இதிலை விதிக்கு ஒரு கட்டம் இல்லை” என்று படிவத்தைத் தட்டிக் காட்டினார்.

எனக்கு வந்ததே கோபம். “ஐயா, உங்கட வீட்டு முத்தம் சீமெந்தோ, மண்ணோ?” என்றேன்.

“சீமெந்து. அதுக்கென்ன?”

“அந்த நாடுகளிலையும் சீமெந்தாத்தான் இருக்கும். எங்கட முத்தத்துக்கும் போட்டுத் தாங்கோ, நாளைக்கே றோட்டை விடுறம்.”

சனம் கைதட்டிச் சிரித்தது. எஞ்சினியர் படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். முதுகில் தட்டினார்கள், ஒருவர் தேத்தண்ணி வாங்கித் தந்தார். நான் சொன்னதில் பொய் இல்லை. இல்லாமைதான் எங்களை றோட்டுக்கு அனுப்பியது. ஆனால் பின்னேரம் ஒன்பது கல்லை உருட்டி ஓரத்தில் போட என்ன வசதி வேண்டும்? விடியப்புறம் பயத்தில் உருட்டினேனே, அந்தக் கையைத் தவிர வேறென்ன தேவைப்பட்டது? தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

ஆவணியில் ஸுஹறா வந்தார். கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்து, துணைக்கு ஒரு மதினியோடு பஸ்ஸில் வந்து இறங்கி, அதே பொட்டணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். நாற்பது வீட்டுப் பெண்களும் ஆசையோடு சுற்றி நின்று, பேரம் பேசி, பழையபடி இரண்டு விரல்கடைக்கும் சண்டை பிடித்து வாங்கினார்கள். மூன்று பிள்ளைகள் என்று சொன்னார். மூத்தது பதினொரு வயதாம். என் வீட்டுக்கு வந்தபோது சிவனேஸ்வரி குசினிக்குள் தேத்தண்ணி போடப் போனாள். மதினி கிணற்றடிக்குப் போனார். எனக்கு நெஞ்சு தாங்கவில்லை.

“தங்கச்சி, மாடு இல்லை. கல்லு. நான் வைச்ச கல்லு” என்றேன். மிச்சமும் சொன்னேன், உருட்டியது வரை.

ஸுஹறா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும் அண்ணை. ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை அவர் எனக்குச் சொன்னவர். கூப்பிட்டும் நீங்கள் வரேல்ல எண்டதும் சொன்னவர்.”

“பேந்து ஏன் நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல?”

“அவர்தான் சொல்ல வேண்டாமெண்டவர். ‘அந்த நாற்பது வீடும்தான் எங்கட சோறு. கல்லெண்டு சொன்னா வழக்கு, பகை. பிறகு நீ ஆருக்குச் சீலை விக்கிறது? அவன் மாடெண்டால் நீயும் மாடெண்டு சொல்லு’ எண்டவர்.” கடைசிச் சீலையையும் மடித்து வைத்தார். “என்னட்டைச் சொல்லிப்போட்டீங்கள். போதும். வேற ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

சரி என்றேன். சாகக் கிடந்த மனிதர் எங்களை மன்னித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. எங்களை உண்மை சொல்ல வைக்கிற வசதி அவருக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான். மாதம் இரண்டு முறை ஸுஹறா வந்தார், வியாபாரமும் நடந்தது. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாசி வந்தது. ஒரு நாள் பின்னேரம் நான் வயலிலிருந்து வருகிறேன், அப்புத்துரை மதகடியில் குனிந்து நிற்கிறான். மதகுக்குக் கிழக்கே, நான் வைத்த அதே இடத்தில் கல் அடுக்குகிறான்.

“நீர் முத்தத்திலைதானே காயப்போடுறீர். சும்மா கிடக்கிற இடம்தானே” என்றான்.

எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. மண்வெட்டியை எறிந்தேன். “எடும் காணும் கல்லை! அதிலைதான் அந்த மனுசன் செத்தவர்! மாடுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை!” என்று கத்தினேன். வேலிகளுக்கு மேலால் தலைகள் தெரிந்தன. பெண்கள் வாசலுக்கு வந்தார்கள்.

“சத்தம் போடாதேயும். உது அவற்றை விதி” என்றான் அப்புத்துரை, மெதுவாக.

“விதி ஒன்பது கல்லை அடுக்கி வைக்குமோ? நான் வைச்சனான். நீர் பாத்தனீர். அவர் சாகக் கிடக்க நான் கல்லு உருட்டினனான்!” நடு றோட்டில் நின்று அழுதேன். ஐந்து வயதுப் பிள்ளை கூட அப்படி அழாது.

 கொஞ்ச நேரத்தில் அப்புத்துரை ஒரு கல்லை எடுத்துப் பள்ளத்துக்குள் போட்டான். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் தங்கள் கற்களை எடுத்தார்கள். இருட்டுவதற்குள் றோட்டு வெறுமையாகிவிட்டது. அதற்குப் பிறகு பகலில் நெல் போடுவார்கள். பின்னேரம் ஒரு கல் மிச்சமில்லாமல் ஓரத்துக்குப் போய்விடும். எஞ்சினியரின் படிவத்தால் நடக்காதது என் ஒரு கத்தலில் நடந்தது. அன்றிரவு எனக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். ஸுஹறாவுக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நினைவு வரவேயில்லை.

அடுத்த கிழமை அவர் வந்தார். முதல் வீட்டில் ஒரு சீலை விரித்தார். விலை சொன்னார். அந்த வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன விலையைக் கொடுத்தாளாம். இரண்டாம் வீட்டிலும் அப்படியே. மூன்றாம் வீட்டில் வேண்டாத துணியைக்கூட வாங்கினார்களாம். ஒருவரும் பேரம் பேசவில்லை. ஒருவரும் இரண்டு விரல்கடை கேட்கவில்லை. நாலாம் வீட்டில் ஸுஹறா பொட்டணியைப் படாரென்று கட்டிவிட்டு, “நான் என்ன, பிச்சைக்கு வந்தனானோ?” என்று கேட்டாராம்.

அதற்கடுத்த முறை வந்தபோது படலைகள் சாத்திக் கிடந்தன. சனம் கெட்ட சனம் இல்லை. அவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். நாய் குரைக்கும், உள்ளே ஆள் இருக்கும், வெளியே வரமாட்டார்கள். மத்தியானம் வரை நடந்துவிட்டு, ஒரு முழம்கூட விற்காமல் என் படலைக்கு வந்தார். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“சொல்ல வேண்டாமெண்டு கேட்டனான் அண்ணை.”

“தங்கச்சி, கல்லெல்லாம் எடுத்திட்டினம். இனி ஒருத்தரும் விழமாட்டினம்…”

“ஓம், பாத்தனான். றோட்டு நல்ல துப்பரவா இருக்கு.” வெயிலில் நின்று முகத்தைத் துடைத்தார். “நடந்து வர ஒரு இடைஞ்சலும் இல்லை. வந்து ஏறத்தான் எனக்கொரு வீடும் இல்லை.”

 சொல்ல ஒரு சாட்டும் வரவில்லை. குசினி வாசலில் சிவனேஸ்வரி நின்றாள். அவளும் வெளியே வரவில்லை. ஸுஹறா பொட்டணியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பஸ் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் அந்த வெறும் றோட்டோரத்தில் தனியே நின்றார். நான் வேலிக்குள் நின்றேன்.